வரவுப் பதிவேடும் இன்மை அறிக்கையும்

மின்னஞ்சலில் வந்து சேரும் ஒரு கோப்பைத் தனியே எடுத்து, அதற்கு முறையான பெயரிட்டு, இணையச் சேமிப்பகத்தில் உரிய ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்து, இன்னாரிடமிருந்து இன்ன நேரத்தில் வந்தது என்று பதிவேட்டில் குறித்து, அனுப்பியவருக்குப் பெற்றுக்கொண்ட விவரத்தையும் எழுதிவிடுவது ஆகிய இத்தனையும் மனிதர் கைபடாமல் தாமே நடந்தேறும்படி, அதுவும் ஒரு வரிகூடப் புரோகிராம் எழுதாமல், அமைத்துத் தருவதை என் ஓய்வுக்காலத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். சேமிப்பகத்தில் இருக்கும் கோப்பை உரியவருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிற எதிர்த்திசைக் காரியமும் இதில் சேர்ந்ததே. இதைப் பற்றிப் பேச்செடுத்தால், எந்தச் சேவை நல்லது, மாதச் சந்தா எவ்வளவு, எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பவற்றையே அநேகர் கேட்கிறார்கள். அவை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடியவை. தானாக ஓடும் எந்த ஏற்பாடும், தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் ஒரு மனிதர் தினந்தோறும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும்; அப்படி எழுதாத ஏற்பாட்டை ஓர் அலுவலகத்துக்குள் நுழையவிடக் கூடாது என்பதே இந்தத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

நான் வசிப்பதும் தொழில் செய்வதும் டில்லியின் தென்மேற்கே, விமான நிலையத்துக்கு அணித்தாக அமைந்த துவாரகாவில். டில்லி வளர்ச்சி ஆணையம் முன்பு பப்பன்கலான் என்ற பெயரில் திட்டமிட்டுச் செக்டார் செக்டாராக வகுத்த இந்த உபநகரத்தில், கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக எழுந்தன. 2005 டிசம்பர் 31ஆம் தேதி மெட்ரோ ரயில் இங்கே வந்து சேர்ந்தபிறகு, நகரின் நடுவே அரசாங்கக் குடியிருப்புகளில் காலம் கழித்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஓய்வுபெறும் தறுவாயில் இங்கே வீடு வாங்கிக்கொண்டு வந்தன. செக்டார் 10இல் மாவட்ட நீதிமன்றம் இருப்பதால் வக்கீல்கள் உண்டு. சந்தைக் கட்டடங்களின் மாடிகளில் ஆடிட்டர்கள் உண்டு. மஹிபால்பூர்ப் பக்கம் விமானச் சரக்கு ஏஜென்டுகள் உண்டு. 2003ஆம் ஆண்டின் டில்லி கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி கணக்கும் தணிக்கையும் காட்டியே தீரவேண்டிய வீட்டுவசதிச் சங்கங்கள் எங்கு திரும்பினாலும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் நாள் முழுவதும் தஸ்தாவேஜுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தப் புரோகிராம் எழுதுபவர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் வசதி இவர்களில் எவருக்கும் இல்லை. என் தொழிலுக்கு இடம் உண்டானது இந்த இடைவெளியில்தான்.

உத்தியோக நாட்களில் நெடுங்காலம் மத்திய அமைச்சகம் ஒன்றின் ஆர் அண்ட் ஐ பிரிவில் இருந்தேன். வரவும் அனுப்பும் பார்க்கும் அந்தப் பிரிவில், காலையில் டாக் வந்து குவியும். உறையைக் கிழித்து, முத்திரை குத்தி, டைரி நம்பர் போட்டு, எந்தப் பிரிவுக்கு உரியது என்று தீர்மானித்து, பியூன் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்போம். அந்தக் கையெழுத்து வாங்கப்பட்டால்தான் கடிதம் எங்கள் பொறுப்பிலிருந்து நீங்கியதாக அர்த்தம். தமிழ்நாட்டு அலுவலகங்களில் டாட்டன்ஹாம் என்பவர் பெயரால் வழங்கும் நடைமுறையும் இதே தத்துவத்தில் எழுந்ததுதான்: பகிர்மானப் பதிவேட்டில் ஏறிய தபால், எழுத்தரின் தன்பதிவேட்டில் ந.க. எண் பெற்று, முடிவு காணும் வரையில் அந்த வரியிலேயே நின்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கும். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா, ஒரு தபால் எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத அலுவலகம் அலுவலகமே அல்ல என்று சொல்வார். கணினி வந்தபிறகு இந்தச் சிரத்தை பழையதாகப் போய்விட்டது என்று பலர் எண்ணினார்கள். எனக்கோ, அதன் தேவை பன்மடங்கு பெருகியதாகவே பட்டது.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். மின்னஞ்சல் ஆதியில் வெறும் எழுத்துக்களைச் சுமக்கும் சாதனமாகவே இருந்தது. நதானியேல் போரன்ஸ்டைன் என்பவர் 1992 மார்ச் 11 அன்று, தம் பாட்டுக் குழுவின் புகைப்படத்தையும் பாட்டையும் ஒரு கடிதத்தோடு கோத்து அனுப்பியதே, இன்று நாம் அறிந்த வகையில் இணைப்புக் கோப்போடு சென்ற முதற் கடிதம் என்பார்கள். அவரும் நெட் ஃப்ரீட் என்பவரும் வகுத்த 'மைம்' நெறிமுறையே இன்றளவும் ஒவ்வோர் இணைப்பையும் சுமந்து செல்கிறது. பிற்பாடு 2008இல் டிராப்பாக்ஸும் 2012இல் கூகுள் டிரைவும் பொது உபயோகத்துக்கு வந்து, கோப்புகளுக்கு இணையத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அஞ்சல் ஒரு கட்டடம், சேமிப்பகம் மற்றொரு கட்டடம். இரண்டுக்கும் நடுவே கையில் கோப்போடு நடந்துகொண்டிருந்தவர் அலுவலக உதவியாளர்தான். 2011ஐ ஒட்டி அமெரிக்காவில் தோன்றிய இஃப்ட், ஜேப்பியர் ஆகிய சேவைகளும், 2016இல் ஃப்ளோ என்ற பெயரில் வந்து 2019இல் பவர் ஆட்டோமேட் என்று பெயர் மாறிய மைக்ரோசாஃப்ட் சாதனமும், நம் சென்னையில் வளர்ந்த ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஃப்ளோவும் அந்த நடையை ஏற்றுக்கொண்டன. 'இது நிகழ்ந்தால் அதைச் செய்' என்ற ஒரே வாக்கியமே இவை அனைத்துக்கும் மூலம். நிகழ்வுக்கு டிரிகர் என்றும், அதன்மேல் செய்யப்படுவதற்கு ஆக்ஷன் என்றும், தொடர் முழுவதற்கும் ஃப்ளோ என்றும் இத்தொழிலில் வழங்குவார்கள். திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் கோடு இழுத்தால் தீர்ந்தது; அதற்கு மேல் கணிதமோ கணினி மொழியோ வேண்டியதில்லை.

இனி ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் தொழிலின் சாரம் முழுவதும் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. கும்பகோணத்துக்காரரான அந்த ஆடிட்டர், என் வயதை உத்தேசித்து மிகுந்த மரியாதையோடு அழைத்துப்போய், "சார், எங்க கிட்ட வராத காகிதம் இல்லை, ஆனா வேண்டியபோது தேடினா கையில அகப்படறது இல்லை. ஏழாந்தேதி டி.டி.எஸ்., பதினொண்ணாந்தேதி ஜி.எஸ்.டி.ஆர். ஒண்ணு, இருபதாந்தேதி மூணு பி. இந்த மூணு தேதிக்கும் நடுவுல இந்தப் பொண்ணு சாப்பிடக்கூடப் போறதில்லை" என்றார். அவர் குறிப்பிட்ட உதவியாளர் பீகார் மாநிலத்துப் பெண். தினமும் வரும் கடிதங்களைத் திறந்து, இணைப்புகளை இறக்கி, பெயர் மாற்றி, வாடிக்கையாளர் வாரியாக, நிதியாண்டு வாரியாக, மாத வாரியாக டிரைவில் ஏற்றுவது அவள் காரியம்.

முதல் நாள் நான் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் என்ன செய்கிறாள், எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறாள் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு கடிதத்தைத் திறந்ததும் அனுப்பியவர் முகவரியைப் பார்க்கிறாள். அது தெரியாத முகவரியானால் கடிதத்தின் அடியில் கையெழுத்தைப் பார்க்கிறாள். அங்கும் விளங்காவிட்டால் கோப்பைத் திறந்து ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்க்கிறாள். ஒரே வியாபாரி தன் முகவரியிலிருந்து ஒரு நாளும், மகன் முகவரியிலிருந்து மறுநாளும், கடைக் கணக்கர் முகவரியிலிருந்து மூன்றாம் நாளும் அனுப்புவார் என்பது அவள் மனத்தில் மட்டுமே இருந்த விஷயம். "இதெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாயா, அம்மா?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள்ஜி, வந்த புதிதில் எனக்கும் ஒருவரும் சொல்லித்தரவில்லை, பழகிப் பழகித் தெரிந்துகொண்டேன்" என்றாள். ஒருவர் மனத்தில் மட்டும் வாழ்கிற வழக்கத்தை வெளியே கொண்டுவந்து எழுத்தில் வைப்பதே இத்தொழிலின் முக்கால் பங்கு. நாங்கள் இருவரும் உட்கார்ந்து, ஒரு கூகுள் ஷீட்டில் முதல் பத்தியில் மின்னஞ்சல் முகவரியும், அதற்கு நேரே வாடிக்கையாளர் பெயரும், அதற்கு நேரே அவருடைய ஃபோல்டரும் எழுதினோம். ஃப்ளோ எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அந்த அட்டவணையைப் பார்த்தால் போதும். அட்டவணையில் இல்லாத முகவரியிலிருந்து வந்தால், 'அடையாளம் தெரியாதவை' என்ற தனி ஃபோல்டரில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். யாருடையது என்று தெரியாததை யாரோ ஒருவருடையதாக வைத்துவிடும் ஃப்ளோவைக் காட்டிலும் ஃப்ளோ இல்லாமலிருப்பதே க்ஷேமம்.

அதன்பின் வந்தவை சிறு சிறு நுணுக்கங்கள். ஆனால் அவற்றை அறியாதவர் அமைக்கும் ஏற்பாடு ஒரு வாரத்தில் குப்பைக் கூடையாகிவிடும். கடிதத்தின் அடியில் ஒவ்வொருவரும் தங்கள் கம்பெனிச் சின்னத்தைப் படமாக ஒட்டிவைக்கிறார்கள். அமைத்தபடியே விட்டால் ஃப்ளோவின் கண்ணுக்கு அதுவும் ஓர் இணைப்பே, ஆதலால் பில்லோடு சின்னமும் போய் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். அளவிலே மிகச் சிறிய படக்கோப்புகளை ஒதுக்கிவிடு என்று ஒரு வடிகட்டி வைத்தால் இந்தத் தொல்லை நீங்கும். கோப்பின் பெயர் மற்றொன்று: 'ஸ்கேன்0001' என்றும் 'இன்வாய்ஸ்' என்றும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு பேர் ஒரே பெயரில் அனுப்புவார்கள். கூகுள் டிரைவ் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயருடைய இரண்டு கோப்புகளை மறுப்பின்றி வைத்துக்கொள்ளும். ஒன்டிரைவ் அப்படி வைத்துக்கொள்ளாது, மேலெழுதுவதா வேறு பெயரிடுவதா என்று நாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் நேற்றைய பில்லின் இடத்தில் இன்றைய பில் நிற்கும் அபாயம் உண்டு. ஆகவே வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் முன்னே தேதியும், பின்னே வாடிக்கையாளர் பெயரும், அதன்பின் மூலப் பெயரும் வரும்படி எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் இடுகிறேன். பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் அமைந்துவிடுகிறது. ஆடிட்டர் கையெழுத்திடும் சான்றிதழ்களுக்கு மட்டும், 2019 முதல் கட்டாயமாகிவிட்ட பதினெட்டு இலக்க யூ.டி.ஐ.என். எண்ணையும் பெயரிலேயே சேர்த்துவிடுவோம்.

பாங்குகள் அனுப்பும் கணக்கறிக்கைகள் பெரும்பாலும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு வருகின்றன. ஃப்ளோ பூட்டிய பெட்டியையும் அப்படியே எடுத்து வைத்துவிடும். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போதுதான் சாவி யாரிடம் என்ற கேள்வி எழும். ஜி-மெயிலில் இணைப்புக்கு 25 எம்.பி. எல்லை உண்டு, அதை மீறினால் அது கோப்பை அனுப்புபவரின் டிரைவில் ஏற்றிக் கடிதத்தில் சுட்டியை மட்டும் வைக்கிறது. அந்தக் கடிதத்தில் ஃப்ளோவுக்கு எடுத்துவைக்க ஒன்றும் கிடைக்காது. அனுப்பியவரோ, அனுப்பிவிட்டதாகவே நிம்மதியாக இருப்பார். இந்த இரண்டு வகைக்கும் பதிவேட்டில் 'மனிதர் பார்க்க' என்ற குறிப்பு விழும்படி செய்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் நுட்பமானது நேரம். இச்சேவைகள் பலவற்றின் உள்ளே ஓடும் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவது. நம் இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஆதலால் நள்ளிரவு பன்னிரண்டுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நமக்கு வருகிற கடிதம் எதுவானாலும், அந்தக் கடிகாரத்தின்படி முந்தின நாள் வந்ததாகவே கணக்காகும். மற்ற நாட்களில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால் ஏப்ரல் முதல் தேதி அதிகாலை ஒரு மணிக்கு ஒருவர் அனுப்பும் பில், மார்ச் 31 என்ற தேதி பெற்று, சென்ற நிதியாண்டின் ஃபோல்டரில் போய் அமர்ந்துகொள்ளும். வருஷக் கடைசியில் கடைக்காரர்கள் உறங்காமல் கணக்கு முடித்து அனுப்பும் இரவும் அதுதான். நேரத்தை மாற்றித் தரும் ஒரு கட்டத்தை நடுவில் வைத்தால் காரியம் முடிந்தது. பவர் ஆட்டோமேட்டில் அந்தக் கட்டத்தைத் திறந்து நம் நேரத்தைத் தேடினால், 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டில்லி' என்று சென்னையை முதலாக வைத்து எழுதியிருக்கும். அகர வரிசைதான் காரணம் என்றாலும், அதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டாகிறது. 1906இல் இந்திய நேரம் வகுக்கப்படுவதற்கு முன்பு, சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரத்தை வைத்தே இந்நாட்டு ரயில்கள் ஓடின என்பது பலருக்கு மறந்துபோன சரித்திரம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் கடைசியாக அமைத்தது பதில் கடிதம். வந்த கோப்பு இன்ன பெயரில் இன்ன தேதியில் பெறப்பட்டது என்று வாடிக்கையாளருக்கு ஒரு வரி போவது மிகுந்த பிரயோஜனமுள்ளது. 'வந்ததா, வந்ததா' என்ற தொலைபேசி விசாரணை பாதியாகக் குறைந்துவிடும். ஆயினும் இதில் ஒரு பழைய ஆபத்து மறைந்திருக்கிறது. எதிரில் இருப்பவர் விடுமுறையில் சென்று, 'நான் ஊரில் இல்லை' என்று தானாகவே பதில் போகும்படி வைத்திருந்தால், நம் பதிலுக்கு அவர் பெட்டி பதில் எழுத, அதற்கு நம் ஃப்ளோ பதில் எழுத, இரண்டு இயந்திரங்களும் இடைவிடாமல் சம்பாஷித்துக்கொண்டே இருக்கும். தானியங்கிப் பதில்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2004இல் ஓர் இணைய நெறிமுறையே, 3834 என்ற எண்ணில், வெளியிட்டிருக்கிறார்கள். இணைப்பு இல்லாத கடிதத்துக்குப் பதில் போடாதே, ஒரே முகவரிக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை போடாதே என்ற இரண்டு நிபந்தனைகள் என் தொழிலுக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

விமானச் சரக்கு ஏஜென்டு ஒருவருக்குச் செய்துகொடுத்தது இதிலும் சுருக்கமானது. ஆனால் எனக்கு அதில் தனி ருசி உண்டு. அவர்களுக்கு வரும் கடிதங்களை அடையாளம் காட்டுவது ஏர் வே பில் எண். பதினோரு இலக்கமுள்ள அந்த எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் விமானக் கம்பெனியைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098. எஞ்சிய எட்டில் முதல் ஏழையும் ஓர் எண்ணாகக் கொண்டு ஏழால் வகுத்தால் வரும் மீதியே எட்டாவது இலக்கம். உதாரணமாக 1234567ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. ஆகவே 098-12345675 என்பது சரியான அமைப்புள்ள எண், கடைசி இலக்கம் 6 என்று இருந்தால் எங்கோ கைப்பிழை. கடிதத்தின் தலைப்பிலிருந்து எண்ணை எடுத்து, ஷீட்டில் மீதி காணும் சூத்திரத்தால் சோதித்து, சரியானால் மட்டுமே அந்த எண்ணின் பெயரில் ஃபோல்டர் திறக்கும்படி அமைத்தேன். கணினியே இல்லாத காலத்து எழுத்தரும் விரல்விட்டுச் சோதிக்கக்கூடிய இந்தக் கணக்கு, தவறான ஃபோல்டர் ஒன்று முளைப்பதைப் பெரும்பாலும் வாசலிலேயே தடுத்துவிடுகிறது.

வீட்டுவசதிச் சங்கங்களில் காரியம் எதிர்த்திசையில் ஓடும். மாதந்தோறும் பராமரிப்புக் கட்டண பில்களை ஓர் ஃபோல்டரில் போட்டால், ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டுக்காரரின் மின்னஞ்சலுக்குப் போக வேண்டும். பெயரின் முன்னே வீட்டு எண் இருந்தால் அட்டவணையைப் பார்த்து முகவரி கண்டுபிடிப்பது சுலபம். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபோல்டருக்குள் இன்னோர் உள்ஃபோல்டர் திறந்து அதில் பில்லைப் போட்டால் பல சேவைகளில் டிரிகர் விழிக்கவே விழிக்காது. காரியதரிசி ஒழுங்கை விரும்பி 'ஏப்ரல்', 'மே' என்று உள்ளே பிரித்துவிட்டால் ஒருவருக்கும் பில் போகாது. சாதாரண ஜி-மெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 கடிதங்களுக்கு மேல் அனுப்ப அனுமதியில்லை என்பது மற்றொன்று. பெரிய சங்கங்களில் பில்லும் ரசீதும் நினைவூட்டலும் சேர்ந்தால் அந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடும். மாதம் 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கணக்கு வருகிற சங்கங்களில், ஒருவருடைய பில் இன்னொருவருக்குப் போனால் வருத்தம் மட்டுமல்ல, வழக்கும் வரும். ஃபோல்டரையே 'சுட்டி உள்ளவர் எவரும் பார்க்கலாம்' என்று திறந்துவைத்துச் சுட்டியைச் சுற்றுக்கு விடும் எளிய வழியை நான் எந்தச் சங்கத்துக்கும் சம்மதித்ததில்லை. யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பது அடுத்த வீட்டுக்காரர் அறியவேண்டிய விஷயம் அல்ல. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பும் என் அபிப்பிராயம் இதுவே.

இவ்வளவும் சரியாக அமைந்தபிறகும் எஞ்சி நிற்கிற ஆபத்தைத்தான் நான் ஆரம்பத்தில் குறிப்பிட்டேன். வேறொருவர் அமைத்துக் கொடுத்த ஃப்ளோ நின்றுபோனதாக ஓர் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், அது நின்று ஏறக்குறைய ஒரு காலாண்டு ஆகியிருந்தது. அமைத்தபோது அதை ஓர் இளைஞருடைய சொந்தக் கணக்கின் கனெக்ஷனில் கட்டியிருந்தார்கள். அவர் வேலையை விட்டுப் போனதும் முறைப்படி கடவுச்சொல்லை மாற்றினார்கள். மாற்றிய கணத்தில் அஞ்சல் பெட்டியைத் திறக்க ஃப்ளோவுக்கு இருந்த உரிமை அறுந்துபோயிற்று. அந்தச் சேவை தன் கடமையில் தவறவில்லை. கனெக்ஷன் அறுந்தது என்று எச்சரிக்கைக் கடிதம் எழுதியது, மீண்டும் எழுதியது, இறுதியில் ஃப்ளோவை நிறுத்திவிட்டேன் என்றும் எழுதியது. எல்லாம் அந்த இளைஞருடைய பெட்டிக்கே போயின. அதைத் திறப்பார் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, கோப்பு வராத நாளும் ஃப்ளோ ஓடாத நாளும் ஒன்றுபோலவே அமைதியாகத் தோன்றின. குமாஸ்தா லீவு போட்டால் நாற்காலி காலியாக இருப்பதை அனைவரும் காண்பார்கள். ஃப்ளோ நின்றால் காலியாவதற்கு நாற்காலி இல்லை. அவ்வளவு காலமும் சேமிப்பகத்துக்கு வந்து சேராமல் அஞ்சல் பெட்டியிலேயே கிடந்த கோப்புகளை, அங்கிருந்தவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து எடுத்து ஒழுங்கு செய்ததைக் கண்டபோது எனக்கு மிகவும் மனம் வருந்தியது.

இதற்கு மருந்து நம் பழைய அலுவலக வழக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலகங்களில், தெரிவிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் இன்மை அறிக்கை அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பாவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். நான் அமைக்கும் ஒவ்வோர் ஏற்பாட்டிலும் இதற்கென்றே இரண்டாவது ஃப்ளோ ஒன்று தனியாக உண்டு. அதற்கு டிரிகர் கடிதம் அல்ல, கடிகாரம். காலை ஒன்பது மணிக்கு அது எழுந்து, நேற்று அஞ்சலில் வந்த இணைப்புகள் எத்தனை, பதிவேட்டில் ஏறியவை எத்தனை, சேமிப்பகத்தை அடைந்தவை எத்தனை, மனிதர் பார்க்க நின்றவை எவை என்று ஒரு கடிதம் எழுதும். முதல் மூன்று எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றுமே வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் 'இன்மை' என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் வராத காலைதான் விசாரிக்க வேண்டிய காலை. இந்த இரண்டாவது ஃப்ளோவை முதலாவதோடு ஒரே கனெக்ஷனில் வைக்கக் கூடாது. வைத்தால் இரண்டும் ஒருசேரச் சாகும். கூடுமானால் வேறொரு சேவையிலேயே வைப்பது உத்தமம். பதிவேட்டு ஷீட்டும் பிரத்யேகமாக ஃப்ளோவின் கைக்கு மட்டும் எழுதும் உரிமையோடு இருக்க வேண்டும். மனிதர்கள் திருத்த முடியுமானால் எண்ணிக்கை ஒத்துப்போவதற்கு அர்த்தமில்லை.

இது வீண் செலவு என்று சொல்பவர்கள் இல்லாமல் இல்லை. பல சேவைகளில் ஒவ்வொரு செயலுக்கும் கட்டணம் கணக்கிடுவதால், பதிவேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் மாதச் சந்தாவில் சேர்கிறது. அந்தச் செலவைக் குறைத்துத் தரும்படி கேட்டவர்களுக்கு, வேண்டுமானால் பதில் கடிதத்தை விட்டுவிடலாம், பதிவேட்டை விடமுடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஒப்புக்கொள்ளாத இடங்களில் வேலையை ஏற்றுக்கொள்ளாமல் வந்துமிருக்கிறேன். அண்மையில் இந்தச் சேவைகளோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து, பில்லைத் தானே படித்து எண்ணும் தொகையும் எடுத்துத் தருகிறது. கும்பகோணத்து ஆடிட்டர் அதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் அது படித்துச் சொன்ன தொகை பதிவேட்டில் ஒரு பத்தியிலும், மனிதர் சரிபார்த்தபின் ஃப்ளோ இடும் அடையாளம் அடுத்த பத்தியிலும் இருக்க வேண்டும், சரிபார்க்காத வரி ரிட்டர்னுக்குப் போகக் கூடாது என்றேன். "அதுவும் தன்பதிவேடு மாதிரிதான், இல்லையா சார்?" என்று உடனே புரிந்துகொண்டார், அவருடைய தகப்பனாரும் தாலுக்கா அலுவலகத்தில் இருந்தவராம்.

ஒப்படைக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதத்தை அச்சடித்துக் கொடுக்கிறேன். எந்தெந்த ஃப்ளோ, அது எந்தக் கணக்கின் கனெக்ஷனில் ஓடுகிறது, அந்தக் கணக்கு அலுவலகத்தினுடையதா, எச்சரிக்கைக் கடிதம் யாருக்குப் போகிறது, காலை அறிக்கையைப் படிப்பவர் யார், அவர் லீவில் இருந்தால் யார் என்பவை அதில் இருக்கும். ஆடிட்டர் அலுவலகத்தில் அந்தப் பெயர் பீகார்ப் பெண்ணுடையது. அவள் இப்போது என் உதவியின்றியே அட்டவணையில் புது முகவரிகளைச் சேர்க்கிறாள். பூட்டிய கணக்கறிக்கை வந்தால் வாடிக்கையாளரிடம் கடவுச்சொல்லைக் கேட்டு எழுதும் ஒரு கட்டத்தைத் தானாகவே அமைத்துவிட்டாள். பதில் கடிதத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்த வாசகத்தைப் பல வியாபாரிகள் படிப்பதே இல்லை என்று கண்டு, அதன் கீழே இந்தியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அதன்பிறகு தொலைபேசி விசாரணை இன்னும் குறைந்திருக்கிறது. சென்ற மார்ச் கடைசி இரவில் வந்தவற்றை ஏப்ரல் முதல் தேதி காலையில் சரிபார்த்து, தேதி மாறிய கோப்பு ஒன்றும் இல்லை என்று அவள் எழுதி அனுப்பியதை நான் அச்செடுத்து அந்த அலுவலகத்துக் கோப்பிலேயே சேர்த்திருக்கிறேன்.